பரிவாரத்துப் பெண் தெய்வங்கள்

அய்யனாருக்குப் பூரணை, புட்கலை என்று இரண்டு தேவியர். கந்தபுராணம் வரை ஏறிய பெயர்கள் இவை. வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில், கண்மாய்க் கரை அய்யனார் கோயில்களில் இவர்களைத் தாண்டியும் பெண் தெய்வங்கள் உண்டு. பேச்சி, ராக்காயி, இருளாயி, கன்னிமார், சீலைக்காரி, வீரமாத்தி என்று இருபத்தோரு பந்தித் தெய்வங்களோடு சேர்ந்து நிற்பவர்கள். பெரும்பாலும் ஒரு நடுகல் அல்லது மண்பீடம், அதில் கொஞ்சம் மஞ்சள். அவ்வளவுதான் கோயில். பெரிய புராணங்களில் இடமில்லாத இவர்கள்தான் இங்கே பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். மகளுக்கு இருளாயி, பேச்சியம்மாள் என்று பெயர் வைப்பதும் இவர்களை நினைத்துத்தான்.

கிரேக்கப் புராணத்திலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. ஒலிம்பஸ் மலையின் பெரிய தேவியருக்குப் பின்னால் ஊற்றுக்கும் ஓடைக்கும் நயாட் எனப்பட்ட நீர்ப்பெண்கள் இருந்தார்கள். பிரசவத்துக்கு எய்லைதியா இருந்தாள். அழகர்மலையில் நூபுர கங்கை ஊற்றுக்குக் காவல் ராக்காயி. பிள்ளைப்பேற்றுக்கும் கைக்குழந்தைக்கும் காவல் பேச்சி. அவளே பெரியாச்சியாகக் கடல் கடந்து, சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் இடம் பிடித்தாள். தண்ணீரும் பிரசவமும் உயிர்ப்பிரச்சினையாக இருந்த இடங்களில் மக்கள் கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் தெய்வத்தை வைத்துக்கொண்டார்கள். வானம் பார்த்த இந்தச் சீமைக்கு அந்தத் தேவை மற்ற ஊர்களைவிட அதிகமாகவே இருந்தது.

வீரமாத்தியின் கதை வேறு. அவள் பிறந்து வளர்ந்து, கணவன் சிதையில் எரிந்துபோன மனுஷி. தீப்பாய்ந்த அம்மன் என்றும் சொல்வார்கள். அவளுக்கு நட்ட சதிக்கல்லை மதுரை, ராமநாதபுரம் பக்கம் மாலைக்கோயில் என்கிறார்கள். கல்லில் கணவனும் மனைவியும் சேர்ந்திருப்பார்கள். அவள் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். ஒரு கை மேலே உயர்ந்திருக்கும், அந்தக் கையில் வளையல் தெளிவாகத் தெரியும். சில கற்களில் எலுமிச்சம்பழமும் பிடித்திருப்பாள். அவள் சுமங்கலியாகவே போனாள் என்பதற்கு அந்த வளையல்தான் அடையாளம். சீலைக்காரிக்குப் பல இடங்களில் சிலைகூடக் கிடையாது; பெட்டியில் மடித்து வைத்த சீலையே சாமி.

கிரேக்கத்தில் வீரமாத்திக்கு நேர் எவாட்னி. தீப்ஸ் நகரப் போரில் மாண்ட காபனியூஸின் மனைவி. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் யூரிபிடிஸ் எழுதிய நாடகத்தில், பாறை மேல் ஏறி நின்று கணவன் சிதையில் குதிக்கிறாள். தகப்பன் இஃபிஸ் கீழே நின்று தடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு காட்சிதான். ஆனாலும் அவளுக்குப் பெயர் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, அவளை நினைத்து அழ ஒரு தகப்பன் இருக்கிறார். நம் கல்லில் இருப்பவளுக்கு இது எதுவும் இல்லை. அவள் விரும்பிப் போனாளா, கட்டாயப்படுத்தினார்களா என்பது கல்லைப் பார்த்துத் தெரியாது. அவளைக் கும்பிடலாம், அந்தச் சாவைப் புகழ வேண்டியதில்லை.

ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி 1710-இல் இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதையேறியதாக ஏசு சபைப் பாதிரியார் ஒருவரின் கடிதம் சொல்கிறது. வரலாற்று நூல்கள் அந்த எண்ணிக்கையைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றன, பெயர்களை எழுதுவதில்லை. சென்னை மாகாணத்தில் 1830-இல் சதி சட்டப்படி தடை செய்யப்பட்டது.

சதிக்கற்கள் பலவற்றில் எழுத்து கிடையாது. அவள் யார், எந்த வீட்டுப் பெண் என்பது பூசாரியின் வாய்மொழியிலும் கிழவிகளின் நினைவிலும்தான் இருக்கிறது. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போகிறவர்கள் பொங்கல் வைத்து முடித்ததும் பூசாரி, கிழவிகள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.