பாதியில் நின்ற பெட்டி



ஹட்டனுக்குக் கிட்டிய ஒரு தோட்டப் பகுதியில் வசிக்கும் தாயொருவர் இம்மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். கட்டாரில் தொழில் புரியும் கணவர், மகனுக்கென்று 'நியூ நின்டெண்டோ 3டிஎஸ்' என்ற கைவிளையாட்டுப் பெட்டியொன்றைப் பாவித்த விலைக்கு வாங்கி அனுப்பினாராம். மகன் கூட்டாளிமாரோடு சேர்ந்து அதில் 'கஸ்டம் ஃபேர்ம்வெயர்' என்று எதையோ ஏற்றியிருக்கிறான். சில நாள் கழித்து, பெட்டியின் பின்மூடித் திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருந்த மெமரி கார்டை உம்மாவின் போனில் போட்டிருக்கிறான். அன்றிலிருந்து பெட்டி கறுத்துப்போய்க் கிடக்கிறது. "வாப்பா லீவில் வரப்போகிறார். பெட்டி செத்துவிட்டதா? இவன் செய்தது களவு வேலையா?" என்று கேட்கிறார்.

இரண்டும் நல்ல கேள்விகள். என்னிடம் ஓதும் மாணவர்களில் இதில் கைதேர்ந்த இருவரை உட்காரவைத்து விளக்கம் கேட்டேன். முதலில் பெட்டியின் கதையைப் பார்ப்போம்.

எந்தக் கருவிக்குள்ளும், அதை எழுப்பி நடத்தும் ஓர் அடிப்படை மென்பொருள் இருக்கும். அதைத்தான் ஃபேர்ம்வெயர் என்கிறார்கள். நிறுவனம் கொடுத்ததோடு நில்லாமல், வெளியார் எழுதிய ஒன்றையும் சேர்த்து ஓடவிடுவது கஸ்டம் ஃபேர்ம்வெயர். 3டிஎஸ் பெட்டி 2011இல் வெளிவந்தது. அது எழும்போது முதலில் படிக்கும் நிரந்தர நினைவகத்திலேயே ஒரு குறை இருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வழியாக 2017இல் வந்ததுதான் 'பூட்9ஸ்ட்ராப்'. அது கதவைத் திறந்துவிடும். உள்ளே நுழைந்து வேலை பார்ப்பது 'லூமா3டிஎஸ்'.

இனி விஷயத்துக்கு வருவோம். லூமாவின் எழுப்பும் கோப்பு முதலில் மெமரி கார்டில்தான் இருக்கும். அதைப் பெட்டியின் உள்நினைவகத்திலும் பிரதி செய்து வைப்பது, வேலையை முடிக்கும் கட்டத்தில் வருவது. பிள்ளைகள் விளையாட்டுத் திரையைக் கண்டதும் வேலை முடிந்தது என்று எழும்பிவிட்டார்கள். கார்டு போனதும் எழுப்பும் கோப்பும் போய்விட்டது. பெட்டி சாகவில்லை தாயே! திறப்பைக் காணாமல் வாசலில் நிற்கிறது.

செய்ய வேண்டியவை இவை:

1. கார்டைப் பெட்டியிலேயே மீண்டும் போடுங்கள். 'ஃபோர்மட் செய்யவா?' என்று போன் கேட்டு, மகன் 'ஆம்' என்று அழுத்தியிருந்தால் கோப்புகள் அழிந்திருக்கும். அப்படியானால் கார்டை ஃபேட்32 முறையில் அமைத்து, லூமாவின் எழுப்பும் கோப்பைக் கம்ப்யூட்டர் மூலம் மீண்டும் அதில் வைக்க வேண்டும்.

2. 'செலெக்ட்' பொத்தானை அழுத்தியபடி பெட்டியை எழுப்பினால் லூமாவின் அமைப்புப் பட்டியல் தோன்ற வேண்டும். தோன்றினால் அல்ஹம்துலில்லாஹ், பாதி கவலை தீர்ந்தது.

3. கார்டில் இருப்பவை அனைத்தையும் கம்ப்யூட்டரில் பிரதி எடுங்கள். பெட்டியால் பிடித்த படங்களும் அதில் இருக்கலாம். நம் மலைநாட்டில் மழையோடு மின்சாரம் போவது புதிதல்ல. பெட்டியில் பேட்டரி உண்டு, மேசைக் கம்ப்யூட்டருக்கு அது இல்லை. பிரதி ஓடும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டுவிடக்கூடும். வானம் தெளிந்த நேரத்தில், பெட்டியை நிறையச் சார்ஜ் செய்துகொண்டு தொடங்குங்கள்.

4. வழிகாட்டியில் சொன்ன ஒழுங்கில் முடிவு வேலையைச் செய்யட்டும். லூமாவை உள்நினைவகத்திலும் வைப்பது அதில் ஒன்று. அதன்பின் கார்டு இல்லாமலும் பெட்டி எழும்.

5. இதுதான் முக்கியம். 'கோட்மோட்9' என்ற கருவியின் மூலம் 'எசென்ஷியல்' என்ற சிறு கோப்பை வெளியே எடுத்து, கம்ப்யூட்டரிலும் வேறோர் இடத்திலும் பத்திரப்படுத்த வேண்டும். அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரிய அடையாளங்கள் அதில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெட்டியின் கோப்பு இதற்கு உதவாது. உள்நினைவகம் முழுவதையும் பிரதி எடுத்தால் 1 ஜிகாபைட்டுக்கு மேல் வரும். அதுவும் நல்லது.

6. ஆபத்தான இடத்தில் கை வைக்கும்போது கோட்மோட்9 எச்சரித்து, சில பொத்தான்களை வரிசையாக அழுத்தச் சொல்லும். விளங்காவிட்டால் அழுத்தாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

அடுத்து இரண்டாவது கேள்வி. தன் உடைமையான பெட்டியைத் திருத்துவது ஒன்று, பிறர் உழைப்பை விலை கொடாமல் எடுப்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. ஜப்பானில் விற்ற 3டிஎஸ் வேறு பிராந்திய விளையாட்டுகளை ஏற்காது. அந்தத் தடையை நீக்கவும், விளையாடிச் சேமித்ததைப் பிரதி எடுக்கவும் பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் நிறுவனத்தின் நிபந்தனைகள் இதற்கு இடந்தருவதில்லை. பழுதானால் அது பொறுப்பேற்காது. இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

விலைக்கு விற்கப்பட்ட விளையாட்டுகளைக் களவாக இறக்குவது அப்படியல்ல. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி, எழுத்து, கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் மார்க்கப்படி பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக்கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கம்ப்யூட்டர் மென்பொருளைப் பாதுகாக்கிறது. களவு விளையாட்டுகளை ஓட்டும் கருவிகளை விற்ற கும்பலைச் சேர்ந்த கேரி பவுசர் என்பவருக்கு, 2022 பெப்ரவரியில் சியாட்டில் நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

"நிறுவனம் 2020இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2023 மார்ச்சில் இணையக் கடையில் விற்பனையையும் நிறுத்திவிட்டது. இனி யாருக்கு நஷ்டம்?" என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். கடைவீதியில் ஒருவர் கடையைப் பூட்டிவிட்டார் என்பதற்காக உள்ளிருக்கும் சாமான் நமக்குச் சொந்தமாகுமா? பாவித்த கார்ட்ரிட்ஜ்கள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆசையிருந்தால் காசு சேர்த்து வாங்கட்டும்.

அரபியில் 'இத்கான்' என்றொரு சொல் உண்டு. எடுத்த வேலையைத் திருத்தமாகச் செய்து நிறைவாக்குவது அது. உங்கள் மகனுக்குக் கெட்டித்தனம் இருக்கிறது, முடிக்கும் பொறுமைதான் இன்னும் வரவில்லை. அவனை ஏசிப் பெட்டியைப் பறித்து அலுமாரியில் பூட்டினால் அதையும் பழகமாட்டான். ஒரு கொப்பியைக் கொடுத்து, செய்யும் ஒவ்வொரு படியையும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து, "இது எதற்கு மகன்?" என்று கேளுங்கள். விளக்கத் தெரியாத படியை அவன் தொடவேண்டாம்.

இன்னொன்று. வாப்பா வருமுன் மூடி மறைத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அது அவர் வெயிலில் உழைத்து அனுப்பிய பொருள். இன்றிரவு அவர் பேசும்போது, நடந்ததை மகனே தன் வாயால் சொல்லட்டும். பெட்டியைத் திருத்த அவருடைய சம்மதத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளட்டும்.