வாய்ப்பாடும் புளியங்கொட்டையும்

காரைக்குடியில் ஒரு வீட்டு வளவில் அமர்ந்திருந்தோம். அவ்வீட்டுக் குழந்தை ஆறாம் வாய்ப்பாட்டைத் தங்குதடையின்றி ஒப்புவித்தாள். அகமகிழ்ந்து, "நான்கு கொட்டான், கொட்டானுக்கு ஆறு புளியங்கொட்டை. மொத்தம் எத்தனை, அம்மா?" என்று வினவினோம். குழந்தை சற்று விழித்துப் பிறகு, "பத்து" என்றாள். நாலையும் ஆறையும் கூட்டிவிட்டாள்!

அருகிலிருந்த அப்பத்தா கடிந்துகொள்ளவில்லை. நான்கு ஓலைக் கொட்டான்களையும் ஒரு பிடி புளியங்கொட்டையையும் கொணர்ந்து, "நீயே வச்சு எண்ணிப் பாரு, ஆத்தா" என்றார். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று எண்ணி வந்தவள், இருபத்துநான்கு என்றதும் துள்ளி எழுந்தாள். "அப்பத்தா, இது ஆறாம் வாய்ப்பாடுதானே!"

மனப்பாடத்தை நாம் இகழ வரவில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உருப்போட்ட பிள்ளைகளே பிற்காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள். ஆனால் வாய்ப்பாடு என்பது விடைகளின் கிடங்கு. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது சம அளவுள்ள கூட்டங்களே. ஒரு கொட்டானில் ஆறும் மற்றொன்றில் ஏழும் இருந்தால் பெருக்கலுக்கு அங்கே இடமில்லை என்பதையும் குழந்தை கண்ணால் காண வேண்டும்.

வகுத்தலில் மயக்கம் இன்னும் அதிகம். ஏனெனில் அதில் இரண்டு கேள்விகள் உள்ளன. 24 கொட்டைகளை நால்வருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை? இது ஒன்று. ஆறு ஆறாக எடுத்து வைத்தால் எத்தனை கொட்டான் நிறையும்? இது மற்றொன்று. முன்னதில் பங்குகளின் எண்ணிக்கை தெரியும்; பின்னதில் ஒரு பங்கின் அளவு தெரியும். இரண்டையும் கையால் செய்த பிள்ளைக்கு, பெருக்கலைத் திருப்பிப் போட்டால் வகுத்தல் என்பது தானே விளங்கும். 25 கொட்டைகளை நால்வருக்குப் பங்கிடும்போது ஒன்று எஞ்சும். அதை ஒளிக்க வேண்டாம். மீதி என்பதன் பொருள் அதுவே.

1939-ல் சென்னைக்கு வந்த மாண்டிசோரி அம்மையாரின் கல்வி முறையிலும், சம எண்ணிக்கையில் கோத்த மணிகளே பெருக்கலைக் கற்பிக்கின்றன. தமிழ்நாட்டு அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் சிறு பிள்ளைகளுக்குச் செய்கை வழியே கணக்குச் சொல்லித்தர முற்பட்டது. நம் வீட்டுப் பல்லாங்குழியோ வெகுநாளாகவே இதைச் செய்து வருகிறது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்று நிரப்பினால் எழுபது. ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு பெருக்கல் முடிந்துவிடுகிறது!

ஆகவே, தாய்மார்களே! குழந்தை தவறாகச் சொன்னால் தலையில் குட்டாதீர்கள். ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொடுங்கள். கை அறிந்ததை வாய் மறவாது.