நிழல் தந்த மரத்தை வெட்டலாமோ?

"அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார்" என்று சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் சாலையை அகலமாக்க வேண்டும் என்றவுடன் முதல் வெட்டு விழுவது அந்தச் சாலையோர மரத்தின் மீதுதான்!

நாங்கள் முன்னேற்றத்திற்கு எதிரிகள் அல்லர். பாலமும் வேண்டும், அகன்ற சாலையும் வேண்டும். ஆயினும், ஒரு புளியமரமோ தூங்குமூஞ்சி மரமோ குடைபோல் விரிந்து நிற்க எத்தனை ஆண்டுகள் ஆகின்றன! அதன் நிழலில்தான் செருப்புத் தைப்பவர் அமர்கிறார். இஸ்திரி வண்டி நிற்கிறது. இளநீர் விற்கும் பாட்டி கடை விரிக்கிறார். சித்திரை வெயிலில் பேருந்துக்காக நாங்களும் ஒதுங்குகிறோம். மரம் வீழ்ந்தால் இத்தனை பேருக்கும் கூரை போய்விடுகிறது. சாலையின் செலவுக் கணக்கில் இந்த இழப்பை யார் எழுதுகிறார்கள்?

எழுத முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. மேற்கு வங்காளத்து ஜெஸ்ஸோர் சாலையில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2020-ல் நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. அப்படியானால் நூறு வயது மரத்தின் மதிப்பு 74,50,000 ரூபாய்! எனினும் 2023-ல் அம்மரங்களை வெட்ட நீதிமன்றம் அனுமதி அளித்தது. விபத்தைத் தடுக்கும் பாலங்களின் தேவையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வழக்கு முடியும் இடத்தில் அல்ல, வரைபடம் தொடங்கும் இடத்திலேயே மரத்தை நினைக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

"ஒன்று போனால் பத்து நடுவோம்" என்பார்கள். பரந்த கிளைகளுடைய பெரிய மரத்திற்கு ஐம்பது கன்றுகள் வேண்டும் என்றது அதே குழு. அந்த ஐம்பதையும் ஊருக்கு வெளியே நட்டால் இந்தத் தெருவில் நடப்பவருக்கு நிழல் ஏது? நட்டவற்றுள் எத்தனை பிழைத்தன என்று எண்ணுவோரும் இல்லையே!

ஆகவே திட்டம் தீட்டுவோரை வேண்டுகிறோம்: சாலைக்கு அளவெடுக்கும்போதே மரங்களையும் குறியுங்கள். விலகிச் செல்ல வழி உண்டா என்று முதலில் பாருங்கள். வெட்டுமுன் தெருமக்களைக் கேளுங்கள்.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. மரத்தில் ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டுவதைத் தடுப்போம். அடிமரத்தை நெருக்கிச் சிமெண்ட் பூசினால், வேர் நீர் குடிக்க இடம் விடச் சொல்வோம். கன்று நடுவது நன்று. நிற்கும் மரத்தைக் காப்பது அதனினும் நன்று!