அமைச்சர் அவர்களே, பாட்டிகளையும் வகுப்புக்கு அழையுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்பழங்குடிகள் வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் மாநிலம் முழுமைக்குமான அதே பாடநூல்தான். பொதுப் பாடத்திட்டம் வேண்டியதுதான். ஆனால், அந்தப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவுக்கு வகுப்பில் இடமே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தோடர் பெண்கள் பூத்துக்குளிச் சால்வையில் பூவேலை செய்வதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். துணியில் முன்கூட்டி எந்தக் கோடும் வரைவதில்லை. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி, இத்தனை விட்டு இத்தனை எடுத்து, சிவப்பும் கறுப்புமாக ஊசியை ஓட்டுகிறார்கள். எண்ணிக்கை பிசகினால் கோலம் கோணிவிடும். மடங்கும் சமச்சீரும் அந்தத் துணியிலேயே இருக்கின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வேலையைப் பாட்டியின் மடியருகே பார்த்து வளரும் சிறுமிக்குக் கணக்குப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கினால் என்ன?

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. அவர்கள் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அறிவியல் வகுப்பில் பேச இவர்களைவிடத் தகுதியானவர் யார்?

ஆண்டுவிழா மேடையில் இந்தப் பிள்ளைகளை ஆடவைத்துக் கைதட்டுகிறோம். மறுநாள் வகுப்பில் வீட்டு மொழியில் வாய் திறந்தால், "ஒழுங்கா தமிழ்ல பேசு" என்று அதட்டுகிறோம். அதட்டு வாங்கிய பிள்ளை அப்புறம் எந்த மொழியிலும் பேசுவதில்லை. தாய்மொழிக்காக உயிர் கொடுத்த மாநிலத்தில் இது நடக்கலாமா? மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வழிசெய்யும்படி அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. ஒடிசா அரசு பழங்குடி மொழிகளில் பாடநூல் அச்சிட்டுப் பல ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளிகளில் நடத்திவருகிறது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு அவர்கள் மொழி பேசும் ஒருவரை ஊரிலிருந்தே அமர்த்துங்கள். பூவேலை தெரிந்த பாட்டியையும் மூலிகை தெரிந்த பெரியவரையும் பாடம் நடத்த அழைத்து, அதற்குரிய ஊதியத்தைக் கையில் கொடுங்கள். அங்கே பணிக்குச் செல்லும் ஆசிரியர்களுக்கு அந்த மக்களின் மொழியையும் வாழ்க்கையையும் முதலில் கற்றுக்கொடுங்கள். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் நீலகிரிக்கு மட்டுமாவது இதற்கான அரசாணையைப் பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்