இரண்டாவது ஆள்

1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பினத் தற்பாலீர்ப்பு ஆண்களைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று இடங்களைச் சொல்லலாம். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பின்னால் வந்த முப்பது ஆண்டுகளின் போக்கு பாதி விளங்கிவிடும்.

ஃபாக்ஸ் சேனலில் ஞாயிறு இரவு 'இன் லிவிங் கலர்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி. கறுப்பினக் கலைஞர்கள் முன்னின்று நடத்தியது. நாடே உட்கார்ந்து பார்த்தது. அதில் டேமன் வேயன்ஸும் டேவிட் ஆலன் கிரியரும் சினிமா விமர்சகர்களாக வருவார்கள். குழைந்த பேச்சு, துவளும் மணிக்கட்டு. நடிகை நடித்த படம் என்றாலே முகம் சுளிப்பார்கள். ஆண்கள் நிறைந்த படம் என்றால் காற்றில் இரண்டு முறை விரல் சொடுக்கி உச்ச மதிப்பெண் போடுவார்கள். அதே சேனலில், அதே ஞாயிறு இரவில் வந்த இன்னொரு தொடர் 'ராக்'. பால்டிமோர் நகரில் குப்பை வண்டியில் வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பக் கதை. அக்டோபரில் வந்த ஒரு எபிசோடில், அவருடைய தந்தையின் உடன்பிறந்தவர் ரஸல் வந்து தனக்குக் கல்யாணம் என்கிறார். துணையாக வரப்போகிறவர் ஆண், அதோடு வெள்ளையர். மால்கம் எக்ஸைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அந்தத் தந்தைக்கு இரண்டில் எது பெரிய இடி என்பதே குழப்பம். ரஸலாக நடித்தவர் ரிச்சர்ட் ரவுண்ட்ட்ரீ. 1971-இல் 'ஷாஃப்ட்' படத்தில் கறுப்பின ஆண்மையின் உருவமாகவே நின்றவர். அவரைத் தேடிப்பிடித்து இந்த வேடத்தைக் கொடுத்ததில் இருக்கும் குறும்பை அந்தத் தலைமுறைப் பார்வையாளர் தவறவிட்டிருக்க முடியாது.

மூன்றாவது, அந்த ஜூலையில் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். ஒளிபரப்பிய 'டங்ஸ் அன்டைட்'. மார்லன் ரிக்ஸ் 1989-இல் எடுத்த ஆவணப்படம். கவிதை, நடனம், வாக்குமூலம், கேலி எல்லாம் கலந்தது. எஸ்ஸெக்ஸ் ஹெம்ஃபில் போன்ற கவிஞர்கள் அதில் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். நாடெங்கும் பல உள்ளூர் நிலையங்கள் படத்தை ஒளிபரப்ப மறுத்துவிட்டன. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பேட் புக்கானன், தன் கட்சிக்காரரான அதிபர் புஷ்ஷைத் தாக்குவதற்கு இந்தப் படத்தின் காட்சிகளை வெட்டி விளம்பரமாக்கினார். அரசுப் பணம் இதற்கா போகிறது என்பது குற்றச்சாட்டு. படத்துக்குக் கலைகளுக்கான தேசிய நிதியத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட தொகை 5,000 டாலர்.

இந்த மூன்றிலும் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு கறுப்பினத் தற்பாலீர்ப்பு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசுகிற காட்சியை வணிகச் சேனல் அனுமதித்தது, கேலிக்கூத்தில் மட்டும்தான். ரஸல் ஒரே ஒரு வாரத்து விருந்தாளி. கறுப்பின நண்பர் கூட்டம் எதுவும் அவரோடு வரவில்லை. ரிக்ஸின் படத்திலோ அப்படிப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். கதவு சாத்தப்பட்டது அந்தப் படத்துக்குத்தான்.

விரல் சொடுக்கு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ரிக்ஸின் படத்தில் ஒரு பகுதி முழுக்கச் சொடுக்குப் பாடம். நீளமாக, வட்டமாக, தோளுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே என்று வகை பிரித்து, பெயர் வைத்துச் செய்துகாட்டுகிறார்கள். வாயைத் திறந்தால் அடி விழும் இடத்தில் பதில் சொல்வதற்கு இவர்கள் கண்டுபிடித்த மொழி அது. தங்களுக்குள் பழகிப் பழகிக் கூர்மையாக்கியது. வேயன்ஸும் கிரியரும் அதே சொடுக்கை எடுத்துக்கொண்டு, அது யாரிடம் யார் பேசிய பேச்சு என்பதை விட்டுவிட்டார்கள். ரிக்ஸ் 1991-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பின ஆண்மை தன்னை நிமிர்ந்ததாகக் காட்டிக்கொள்ளத் தனக்குள்ளேயே ஒரு கோமாளியைத் தேடுகிறது என்பது அதன் சாரம். மூன்று ஆண்டுகள் கழித்து, தன் 37-ஆம் வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

சேனல்காரர்களின் பயத்துக்குக் கணக்கு இருந்தது. 1989-இல் ஏ.பி.சி.யின் 'தர்ட்டிசம்திங்' தொடரில் இரண்டு ஆண்கள், அதுவும் வெள்ளையர்கள், படுக்கையில் உட்கார்ந்து பேசினார்கள். பேசியது மட்டும்தான். விளம்பரதாரர்கள் விலகியதில் சேனலுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் போயிற்று. சோப்பும் காரும் விற்பவர் கையில் லகான் இருக்கும்வரை இப்படித்தான். 1996-இல் அதே சேனலின் 'ஸ்பின் சிட்டி'யில் கார்ட்டர் ஹேவுட் என்ற பாத்திரம் வாராவாரம் வந்தது ஒரு முன்னேற்றம். நியூயார்க் மேயர் அலுவலகத்தில் எல்லோரையும்விடக் கண்ணியமானவர், கறுப்பர், தற்பாலீர்ப்பாளர். இலையில் ஊறுகாய் வைப்பதுபோல் அளவாக, ஓரமாக.

விளம்பரத்தை நம்பாமல் சந்தாவில் ஓடும் எச்.பி.ஓ.வுக்கு அந்தக் கவலை இல்லை. 2001-இல் 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' வந்தது. அதில் போலீஸ்காரர் கீத் சார்ல்ஸும் ஈமச்சடங்கு நிலையம் நடத்தும் டேவிட்டும் சண்டை போட்டு, பிரிந்து, சேர்ந்து, கடைசியில் இரண்டு கறுப்பினச் சிறுவர்களைத் தத்தெடுக்கிறார்கள். ஒரு தம்பதியை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு சலிப்போடும் பாசத்தோடும் எழுதிய தொடர் அதுவரை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் கடைசி எபிசோடைப் பாருங்கள். முக்கியப் பாத்திரங்கள் ஒவ்வொன்றும் எதிர்காலத்தில் எப்படிச் சாகும் என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் முதுமையில் போகிறார்கள். குண்டடிபட்டுச் சாவது கீத் ஒருவர்தான்.

அடுத்த ஆண்டு 'தி வயர்'. மறுபடி பால்டிமோர். ஓமர் லிட்டில் போதைப்பொருள் வியாபாரிகளைக் கொள்ளையடித்துப் பிழைப்பவன், தற்பாலீர்ப்பை மறைக்காதவன். 2008-இல் அதிபர் வேட்பாளராக இருந்த ஒபாமா தனக்குப் பிடித்த பாத்திரம் ஓமர் என்று சொல்லப்போய் அவன் புகழ் இன்னும் பரவியது. எல்லோருக்கும் நினைவிருப்பது அவன் துப்பாக்கி. எங்களுக்கு நான்காம் சீசனில் வரும் ஒரு காலைப்பொழுதுதான் பெரிது. வீட்டில் காலையில் சாப்பிடும் தானிய டப்பா காலி. ஓமர் பட்டு இரவு உடையோடு, கையில் ஆயுதம் இல்லாமல், கடைக்குக் கிளம்புகிறான். அவனைக் கண்டதும் தெருவே காலியாகிறது. அவன் எதுவும் கேட்காமலேயே மேலிருந்து ஒரு போதைப்பொருள் பொட்டலம் காலடியில் வந்து விழுகிறது. அவன் வந்ததோ வெறும் தானியத்துக்கு. கையில் எதுவும் இல்லாமல், வீட்டு உடையில், காலை உணவு வாங்கப் போகும் ஒரு குடித்தனக்காரனாக அவனை அந்த ஒரு நடையில் பார்த்துவிடுகிறோம். அப்படி எழுதத் தெரிந்தவர்களும் ஐந்தாம் சீசனில் கடையில் சிகரெட் வாங்க நின்றவனை ஒரு சிறுவன் கையால் சுட்டுச் சாகவைத்தார்கள். தொடரின் நியாயப்படி அது சரியான முடிவு என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் பட்டியல் போட்டால் கீத்துக்கும் குண்டு, ஓமருக்கும் குண்டு.

2013-இல் 'ப்ரூக்ளின் நைன்-நைன்'. கேப்டன் ரேமண்ட் ஹோல்ட்டாக ஆண்ட்ரே பிராவர். முகத்தில் ஒரு கோடு அசையாமல் சிரிக்க வைத்தவர். 1991-இன் அந்தக் கேலிக்கு இருபது ஆண்டு தாமதமாக வந்த பதில் என்றே ஹோல்ட்டைச் சொல்லலாம். குழைவும் துவளலும் ஒரு சொட்டுக்கூட இல்லை. கதைப்படி அவர் 1987-லேயே வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு, கறுப்பினத் தற்பாலீர்ப்புக் காவலர்களுக்கு ஒரு சங்கமும் தொடங்கியவர். அந்தச் சங்கம் முதல் சீசனில் தலைகாட்டிவிட்டுப் போகிறது. கால் நூற்றாண்டாக அவரோடு நின்ற அந்தக் கறுப்பின சகாக்கள் யார், ஓய்வுநேரத்தில் என்ன பேசிக்கொள்வார்கள்? எட்டு சீசன் பார்த்தவருக்கும் தெரியாது. வீட்டில் இருப்பது கெவின் என்ற வெள்ளைப் பேராசிரியர்.

இங்கே ஒரு தவறான வாசிப்பைத் தடுத்துவிட வேண்டும். யார் யாரைக் காதலிக்கலாம் என்று சட்டம் போடுவது சிற்றிதழ் தலையங்கத்தின் வேலையாக முடியாது. கறுப்பின ஆண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதைப் புரட்சியாகவே அறிவித்த ரிக்ஸின் சொந்த வாழ்க்கைத் துணை ஒரு வெள்ளையர். அதற்காக அவரைக் குடைந்தவர்களும் இருந்தார்கள். நாங்கள் சொல்வது எழுத்துமேசை பற்றியது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கறுப்பினத் தற்பாலீர்ப்பாளர் ஒருவரை எப்போதும் வெள்ளையர் நடுவிலோ, நேர்பாலீர்ப்பாளர் நடுவிலோ வைத்துத்தான் கற்பனை செய்ய வருகிறது. இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அவர்கள் என்ன பேசுவார்கள் என்று தெரியவில்லை. தெரியாததைக் கேட்டு எழுதவும் முனைப்பில்லை.

கேட்டு எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2015-இல் ஃபாக்ஸின் 'எம்பயர்' முதல் எபிசோடில், சிறுவன் ஜமால் அம்மாவின் குதிகால் செருப்பை மாட்டிக்கொண்டு விருந்தினர் நடுவே நடந்து வருகிறான். அப்பன் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போடுகிறான். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லீ டேனியல்ஸ், இது தன் தந்தை தனக்குச் செய்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். முதல் சீசன் முழுக்கப் பார்வையாளர் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போயிற்று. விளம்பரதாரர் ஓடிவிடுவார் என்ற முப்பதாண்டுப் பேச்சு அந்த ஒரு சீசனில் செத்தது. ஆனால் ஜமாலும் பெரும்பாலும் தனியாள்தான். 2019-இல் ஜமாலாக நடித்தவர் வழக்கில் சிக்கியபோது அந்த சீசனின் கடைசி இரண்டு எபிசோடுகளிலிருந்து பாத்திரத்தையே எடுத்துவிட்டார்கள். ஒருவர் மேலேயே எல்லாவற்றையும் ஏற்றி வைத்தால், அவர் சரிந்ததும் மொத்தமும் சரியும்.

கேட்டு எழுதியதற்கு இன்னொரு சான்று ஒரு பெண்ணின் கதை. அசீஸ் அன்சாரி தமிழ் முஸ்லிம் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அவருடைய 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் 2017-இல் 'தேங்க்ஸ்கிவிங்' என்றொரு எபிசோடு வந்தது. டெனிஸ் என்ற கறுப்பினப் பெண், சிறுமிப் பருவத்திலிருந்து ஆண்டுதோறும் அதே பண்டிகைச் சாப்பாட்டு மேசையில், தான் பெண்களை விரும்புபவள் என்பதை அம்மாவிடம் சொல்லும் வழியைத் தேடுகிறாள். டெனிஸாக நடித்த லீனா வெய்த் தன் கதையையே அன்சாரியோடு சேர்ந்து எழுதினார். நகைச்சுவை எழுத்துக்கான எம்மி விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். அன்சாரியின் பாத்திரம் அந்த மேசையில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். தன் பெயரில் ஓடும் தொடரில் அப்படி நகர்ந்து இடம்விடத் தெரிந்ததற்காகவே அவரைப் பாராட்டலாம்.

தொலைக்காட்சியில் இப்படிப்பட்ட பாத்திரங்கள் எத்தனை என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் எடுக்கிறது கிளாட் அமைப்பு. அது வேண்டிய வேலை. ஆனால் எண்ணிக்கையில் பிடிபடாத ஒன்றை 2005-லேயே ஒரு சிறிய சேனல் செய்து காட்டியது. வயாகாம் நிறுவனம் அந்த ஆண்டு தொடங்கிய லோகோ சேனலில் பேட்ரிக்-இயான் போக் உருவாக்கிய 'நோவாஸ் ஆர்க்'. லாஸ் ஏஞ்சலஸில் நான்கு கறுப்பின நண்பர்கள்: திரைக்கதை எழுதிப் பிழைக்கப் பார்க்கும் நோவா, எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் வேலை பார்க்கும் அலெக்ஸ், துணிக்கடை வைத்திருக்கும் ரிக்கி, பொருளாதாரப் பேராசிரியர் சான்ஸ். நோவா காதலிக்கும் வேடும் கறுப்பர்தான். பெரிய கலை என்று சொல்ல மாட்டோம். வசனம் சில இடத்தில் பல்லிளிக்கும். உடைகளைப் பார்த்தால் எழுதிப் பிழைக்கும் ஆளுக்கு இவ்வளவு துணி ஏது என்று தோன்றும். அலெக்ஸின் ஆர்ப்பாட்டம் 1991-இன் விமர்சகர்களை நினைவூட்டுகிறதே என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. வித்தியாசம், அலெக்ஸ் அடிக்கும் கிண்டலுக்குப் பதில் கொடுக்க மூன்று பேர் எதிரே இருக்கிறார்கள். நால்வர் இருக்கும் இடத்தில் எவரும் எல்லோருக்குமான பிரதிநிதி ஆக வேண்டியதில்லை. ஒருவர் கஞ்சனாக, ஒருவர் கோழையாக, ஒருவர் ஊர்மேய்பவராக இருக்கலாம். இனத்துக்கே தலைகுனிவு என்று யாரும் கிளம்பமாட்டார்கள். 2018-இல் தொடங்கி மூன்று சீசன் ஓடிய 'போஸ்' தொடருக்கு, நியூயார்க் பால்ரூம்களில் திருநங்கைகளும் ஆண்களும் கூட்டமாக நிறைந்த அந்தக் கதைக்கு, இதே விடுதலை வாய்த்தது. பில்லி போர்ட்டர் அதில் எம்மி வாங்கினார்.

'நோவாஸ் ஆர்க்' இரண்டே சீசனில் நின்றது. ரசிகர்கள் விடாததால் 2008-இல் ஒரு திரைப்படம். மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் நோவாவுக்கும் வேடுக்கும் கல்யாணம். 2025-இல் இன்னொரு படம். நோவா உள்ளிட்ட எல்லோரும் நடுவயதைத் தொட்டிருக்கிறார்கள். முகத்தில் அது தெரிகிறது, மறைக்கவும் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி தன் கறுப்பினத் தற்பாலீர்ப்பு ஆண்களுக்கு இந்த வயதை அதிகம் கொடுத்ததில்லை. படத்தை வெளியிட்டது பாரமவுண்ட் பிளஸ். இந்தத் தொடர் போதும் என்று நிறுத்திய லோகோவும் இன்று அதே பாரமவுண்ட் குடும்பத்துச் சொத்துதான்.