முதலில் அலை, பிறகே கருவி

கைபேசி வாங்கப் புகும் நெசவாளரும் விவசாயியும் முதற்கண் கருவியின் விலையையும் பளபளப்பையுமே நோக்குகின்றனர். எந்தக் கம்பெனியின் இணைப்பு என்பதைப் பின்னரே எண்ணுகின்றனர். இம்முறை தலைகீழாக மாறவேண்டும் என்பது எமது துணிபு. தறிக்கூடத்திலும் கிணற்றடியிலும் அலை எட்டாவிடில் இருபதாயிரம் ரூபாய்க் கருவியும் வெறும் கடிகாரமே. அன்றியும், இணைப்புக்கு ஏற்பவே கருவி அமையவேண்டும். 4ஜி வசதியற்ற கருவியில் ஜியோ இணைப்பு இயங்காது. ஆதலின், அயலார் கைபேசியை வாங்கித் தம் வேலையிடத்திலேயே பேசிப்பார்த்துத் தெளிதல் நலம்.

இணைப்பு சரியில்லையென்று புதிய எண் வாங்கிப் பழையதைக் கைவிடுவோர் பலர். இது பெருங்கேடு. வங்கிக் கணக்கு பழைய எண்ணோடு பிணைந்திருக்க, அவ்வெண் நாளடைவில் பிறருக்கு வழங்கப்படலாம். கூலிப்பணம் பற்றிய செய்தியும் ரகசியக் குறியீடும் அந்நியர் கைக்குப் போகும். எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உள்ளது. இணைப்புப் பெற்று 90 நாள் கழிந்தோர் 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி இதனைத் தொடங்கலாம்.

இணையம் வேண்டாதார் அதற்கெனப் பணம் செலுத்துவானேன்? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தைக் கம்பெனிகள் வழங்கவேண்டுமென 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. அதனைக் கேட்டுப் பெறுக.

தனித்தனியே ஏமாறுவதினும் கூடி விசாரித்தல் மேல். எத்தெருவில் எந்தக் கம்பெனியின் அலை எட்டுகிறது என்பதை ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினரிடம் கேட்டறிந்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கட்டும். கூட்டுறவு என்பது நூலுக்கும் உரத்துக்கும் மட்டும் உரியதன்று.