டல்ஹௌசி மகளுக்கு ஒரு சட்டம்

சென்னை கன்னிமாரா ஹோட்டலைப் பற்றி ஆண்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒரு கதை சொல்வார்கள். கவர்னர் கன்னிமாரா பிரபு பெண் விஷயத்தில் மோசம். பொண்டாட்டி கோபித்துக்கொண்டு மாளிகையை விட்டு வந்து அந்த ஹோட்டலில் தங்கினாள். அதனால்தான் அந்தப் பெயர். கதை நடந்ததோ இல்லையோ, அதைக் கிசுகிசுவாகவே முடித்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

அவர் பெயர் சூசன். 1863இல் ராபர்ட் போர்க்கை மணந்தார். போர்க் 1886இல் சென்னை கவர்னரானார், அடுத்த ஆண்டு கன்னிமாரா பிரபு. 1890இல் விவாகரத்து. 1857ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டப்படி மனைவிக்கு வேறு உறவு இருந்தது என்று காட்டினால் கணவனுக்குப் போதும். மனைவிக்கு அது போதாது. கொடுமை செய்தான், கைவிட்டான் என்று இன்னொன்றையும் காட்ட வேண்டும். கவர்னர் மனைவிக்கும் அதே கதிதான். 1923 வரை இந்தச் சட்டம் மாறவில்லை. கணவர் பெயரிலோ எழும்பூரில் நூலகம் நிற்கிறது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும், இந்தப் புத்தகமும்தான், அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஆனால் சூசனுக்காக மட்டும் அழுதுவிட்டுப் போக முடியாது. அவர் டல்ஹௌசியின் மூத்த மகள். ஆண் வாரிசு இல்லையென்றால் ராஜ்யம் கம்பெனிக்கு என்ற அதே டல்ஹௌசி.

1855இல் தஞ்சாவூர் மன்னர் சிவாஜி இறந்தபோது மகன் இல்லை. மகள்கள் இருந்தார்கள். மகளை வாரிசாகக் கம்பெனி ஏற்கவில்லை. அரண்மனையின் தனிச்சொத்தையும் சேர்த்து முத்திரை வைத்தது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு, சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. அரசு செய்த காரியத்தைக் கோர்ட் விசாரிக்க முடியாதாம். 1862இல் தனிச்சொத்து திரும்பி வந்தது, உரிமையாக அல்ல, தயவாக.

டல்ஹௌசிக்கும் மகன் கிடையாது. இரண்டு மகள்கள். 1860இல் அவர் செத்ததும் மார்க்விஸ் பட்டம் அவரோடு போயிற்று. ஸ்காட்லாந்தில் அவர் தாய் வழி வந்த கோல்ஸ்டன் எஸ்டேட் என்ன ஆனது? மகள் சூசனுக்குப் போனது. யாரும் வந்து பூட்டவில்லை. மகள் வாரிசில்லை என்பது அடுத்தவர் மகளுக்கு எழுதிய சட்டம்.

அந்தக் கம்பெனி போய்விட்டது. எங்கள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் கம்பெனியின் வேலையை அண்ணன் தம்பிகள் பார்க்கிறார்கள். 1989இல் தமிழ்நாடு மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமானவளைத் தள்ளிவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் அந்தக் கதவையும் திறந்தது. திறந்து என்ன? "கேஸு கீஸுன்னு போனா பொறந்த வீட்டு வாசல மிதிக்க முடியுமா?" என்ற ஒரு கேள்வியில் எல்லாச் சட்டமும் அடங்கிவிடுகிறது. அக்காவை விருத்தாசலத்துக்கு அழைத்துப் போகிறார்கள். பங்கு வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு, பெயரைப் பாருங்கள், விடுதலைப் பத்திரம். கையெழுத்தானதும் ஒரு சேலை, ஹோட்டலில் சாப்பாடு. பிறகு பஸ் ஏற்றிவிடுகிறார்கள்.